ஊர் வரலாற்று வட்டம் தொடங்கி ஒரு பருவம் முழுக்கப் பேச்சுக் கூட்டம் நடத்துவது எப்படி: வன்னிக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் வட்டத்தின் மூன்றாவது கூட்டத்தில் நடந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தலைப்பு குளங்கள். வாசிகசாலையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நில அளவைத் திணைக்களம் ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்த பழைய வரைபடத்தை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் தேநீர்க் கோப்பைகளை வைத்திருந்தோம். பேச்சு முடிந்ததும் எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஐயா மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. கண் தெரியவில்லையாக்கும் என்று நினைத்தோம். அப்புறம் அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். "நான் எப்பவும் வடக்குப் பக்கத்தாலதான் குளக்கட்டில ஏறுறனான் தம்பி, இப்பிடி வைச்சாத்தான் எனக்குப் பிடிபடும்" என்றார். பிறகு அவருடைய விரல் நிற்கவே இல்லை. தண்ணீர் திறக்கிற துருசு இது, அலைகரை இது, இதில்தான் பட்டி மாடு தண்ணீர் குடிக்கும், வரைபடத்தில் பெயரில்லாமல் கைவிடப்பட்ட குளம் என்று மட்டும் குறித்திருக்கிற இந்தச் சின்னக் குளத்துக்கு இன்ன பெயர். இருபது நிமிடத்தில் பதினொரு பெயர் சொன்னார். வரைபடத்தில் இருந்தது நாலு. பேச வந்திருந்தவரே குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டம் வைக்கிற முறையே மாறிவிட்டது. இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியில் காகிதம் எரிந்தது, நனைந்தது, புதைத்த இடத்திலேயே செல்லரித்தது, இடம்பெயர்ந்து ஓடும்போது வழியில் விடுபட்டது. மிஞ்சியிருப்பது சனங்களின் வாயில் இருக்கிறது, அதுவும் வருடத்துக்கு வருடம் குறைகிறது. ஆகவே பேச்சாளர் நாற்பது நிமிடம் பேசுவது சபையில் இருக்கிறவர்களின் ஞாபகத்தைக் கிளறத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம், மண்டபம், கதிரை போடும் விதம், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே முடிவு செய்யலாம்.

ஐந்து பேர் போதும்

பெரிய நிர்வாகசபை ஒன்றைத் தெரிவு செய்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் பருவத்துக்கு ஐந்து பேர் போதும், ஆனால் சரியான ஐந்து பேர் வேண்டும். ஊரில் எல்லோருக்கும் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மோட்டார் சைக்கிளில் எந்தக் கிராமத்துக்கும் போய் எந்த வீட்டுப் படலையிலும் நின்று கூப்பிடக்கூடிய ஒருவர், போனும் கணினியும் நன்றாகக் கையாளத் தெரிந்த இளம்பிள்ளை, காசுக் கணக்கை ஒழுங்காக எழுதுகிற ஒருவர், அப்புறம் கட்டாயம் ஒரு பெண். கட்டாயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அம்மம்மாமார் தங்களுக்குத் தெரிந்ததைக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள், அடுப்படியில் இருந்து இன்னொரு பெண்ணிடம்தான் சொல்வார்கள். எந்தக் காட்டில் எந்தக் கிழங்கு, எந்த ஊரில் இருந்து யார் கலியாணம் செய்து வந்தது, பஞ்ச காலத்தில் என்ன சமைத்தது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

பதிவை முதல் பருவம் முடிந்த பிறகு பார்க்கலாம். பதிய விரும்பினால் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்துக் கலை மன்றமாகப் பதிவது பற்றிக் கேளுங்கள். யாப்பு, கூட்ட அறிக்கை, உறுப்பினர் பட்டியல் மூன்றையும் தயாராக வைத்திருந்தால் வங்கிக் கணக்குத் திறப்பதும் சுலபம். பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: முதல் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே கிராம சேவையாளரான ஜீ.எஸ்.ஸுக்கு ஒரு கடிதம், யார் பேசுகிறார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன தலைப்பு என்று. அதன் பிரதியைக் கோப்பில் வையுங்கள். சனங்கள் கூடுகிற இடத்துக்கு யாராவது வந்து கேள்வி கேட்டால் காட்டுவதற்கு அது உதவும், வருகிறவர்களுக்கும் மனம் நிம்மதியாக இருக்கும். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், கோயில் நிர்வாகம், பங்குத்தந்தை, பள்ளிவாசல் என்று எல்லோருக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

காசு விடயம் அதிகம் சொல்ல இல்லை. முதல் பருவத்தில் அனுசரணையாளரைத் தேடாதீர்கள். தேநீரும் வடையும் ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டின் பொறுப்பு என்று பங்கிட்டால் முடிந்தது.

எந்த மாதம், எந்த நாள்

இதை வயல்தான் முடிவு செய்யும். மாரி மழையை நம்பிய காலபோக நெல் விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில் வருகிறது, கார்த்திகை மார்கழி மழைக்கு உள்ளூர் வீதிகள் பாதி சேறு, அறுவடை தையில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் இழுக்கும். இந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய பேராசிரியரைக் கூப்பிட்டாலும் வரவேண்டியவர்கள் வயலில்தான் நிற்பார்கள். சித்திரைப் புதுவருடக் கொண்டாட்டம் அடங்கிய பிறகு, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதிக்குள் முடிப்பதுதான் எங்களுக்குச் சரிவந்தது. மாதம் ஒன்று, மொத்தம் ஐந்து, இறுதியில் ஒரு வெளிக்கள நடை. கோடையில் சிறுபோக நெல் செய்கிற குளத்துக்குக் கீழே இருக்கிற ஊரென்றால் தண்ணீர் திறக்கிற நாட்களை வாய்க்கால் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டே திகதி போடுங்கள்.

திருவிழாக்களைக் கலண்டரில் முதலிலேயே வட்டம் போட்டுவிடுங்கள். வைகாசியில் வட்டப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வரும். பொங்கல் திங்கட்கிழமை மட்டும் என்று நினைக்காதீர்கள், அதற்கு முந்தின கிழமையே கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியத் தொடங்கிவிடும், முல்லைத்தீவுப் பக்கம் அந்த நாட்களில் வேறு எதற்கும் ஆள் வராது. மடுத் திருவிழா யூலை 2, ஓகஸ்ட் 15. உயர்தரப் பரீட்சைத் திகதியையும் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் தாய்மாரும் வர மாட்டார்கள்.

நாள் என்று பார்த்தால் போயா தினத்தின் பின்னேரம் நல்லது. ஞாயிறென்றால் காலையில் பூசை, பிறகு ரியூசன். மூன்றரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முன் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். கடைசி பஸ் ஒரு காரணம். காட்டோரக் கிராமங்களில் பொழுதுபட்டால் வீதியில் யானை நிற்பது மற்றக் காரணம், வயதானவர்களை அந்த நேரத்தில் சைக்கிளில் அனுப்பக் கூடாது.

மாதம் இரண்டு கூட்டம் வைக்கலாமே என்று ஆர்வமானவர்கள் கேட்பார்கள். வேண்டாம். ஒரு கூட்டத்தில் கிளம்பிய தகவலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க நாலு கிழமை கட்டாயம் வேண்டும், அந்த வேலைதான் வட்டத்தின் உண்மையான வேலை.

தலைப்புகளை எந்த ஒழுங்கில் வைப்பது

பலரும் முதல் கூட்டத்தையே ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனில் தொடங்க விரும்புவார்கள். எனக்கு அவனில் பெரிய மதிப்பு உண்டு, ஆனாலும் முதல் தலைப்பாக வைக்காதீர்கள். வன்னி அரசர் என்றதும் சபை பாடப்புத்தகம் படிக்கிற வகுப்பாக மாறி வாயை மூடிவிடும், தங்களுக்குத் தெரிந்தது வரலாறு இல்லை என்று சனங்கள் நினைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த, எல்லோருக்கும் சொல்ல ஒரு வார்த்தையாவது இருக்கிற தலைப்பில் தொடங்குங்கள்.

அதற்கு ஊர்ப்பெயரை விஞ்ச ஒன்றுமில்லை. வன்னி ஊர்ப்பெயர்களில் பாதி தண்ணீர், பாதி மரம். புளியங்குளம், வேப்பங்குளம், மருதங்குளம், நெடுங்கேணி, தண்ணிமுறிப்பு, கற்சிலைமடு, இரணைமடு. இரணை என்றால் இரட்டை, அதைச் சொன்னதும் இரணைமடுவின் பழைய இரண்டு மடுக்களைப் பற்றிக் கதை தொடங்கிவிடும். பிறகு சபையிடம் கேளுங்கள்: மோட்டைக்கும் மடுவுக்கும் என்ன வித்தியாசம்? முறிப்பு என்று ஏன் பெயர் வந்தது? மூன்று முதியவர்கள் மூன்று விதமாகச் சொல்லி அரை மணித்தியாலம் தர்க்கப்படுவார்கள். தடுக்க வேண்டாம், மூன்றையும் எழுதுங்கள், யார் எந்த ஊரில் பிறந்தவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊருக்கு ஊர் சொல்லின் பொருள் மாறுவதே ஒரு தகவல்.

இரண்டாவது குளமும் குடியேற்றமும். கிளிநொச்சிப் பக்கம் என்றால் கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுக் கட்டுமானம், 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி அனுமதிப்பத்திரமான பெமிற் யாரிடமாவது இன்னும் இருந்தால் அது ஒரு பொக்கிஷம், யாருக்கு, எந்த வருடம், எவ்வளவு ஏக்கர் என்று அதில் இருக்கும். ஆனால் குடியேற்றம் என்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் மட்டும் அல்லர். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டி, மலேரியாவோடும் யானையோடும் மல்லுக்கட்டி ஊராக்கியவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். அவர்களின் கதையை மற்றவர்கள் சொல்லக் கூடாது, அவர்களில் ஒருவரே மேடையில் இருக்க வேண்டும். அதேபோல் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களை அழைக்காமல் முல்லைத்தீவின் வரலாறு என்று தலைப்புப் போடுவது நியாயமில்லை.

மூன்றாவது ரயிலும் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும். 1905இல் வடக்குப் பாதை முழுதாகத் திறந்தது, 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது, 1990இல் நின்றது, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை மீண்டும் வந்தது. இதற்குப் பல்கலைக்கழகத்தில் ஆள் தேட வேண்டாம், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் விற்ற ஒரு அம்மாவும் போதும். நாலாவதாகக் கூத்தும் பள்ளும்: கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரைக் கூப்பிட்டுக் கோவலன் கூத்தில் இருந்து ஒரு துண்டு பாடச் சொல்லுங்கள், குருவிப்பள்ளு, பண்டிப்பள்ளு தெரிந்தவர்கள் சபையிலேயே இருப்பார்கள், அவர்கள் தொடர்ந்து பாடுவார்கள்.

ஐந்தாவதாகப் பண்டாரவன்னியன். இதற்குள் உங்கள் சபைக்குக் கேள்வி கேட்டுப் பழகியிருக்கும், அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். கற்சிலைமடுவில் நட்ட கல், ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று இவ்விடத்துக்கு அருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்கிறது. தோற்கடித்தான் என்றுதான் இருக்கிறது, கொன்றான் என்றில்லை. ஆனால் எங்கள் மேடைகளில் அந்தத் திகதியை அவன் வீழ்ந்து இறந்த நாளாகவே எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கல்லின் வாசகத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பயிற்சியில் அவர்கள் படிக்கிறது ஒரு தவணைப் பாடத்தை விட அதிகம். வென்ற பக்கத்தின் கல் அது என்பதையும் அவர்களே சொல்வார்கள். 1793இல் ஒல்லாந்த அதிகாரி தோமஸ் நாகல் வன்னியைப் பற்றி எழுதிய அறிக்கை, 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு ஆகியவற்றையும் இதே கண்ணால் வாசிக்க வேண்டும். ஆட்சி செய்ய வந்தவர்கள் எழுதியவை அவை, தகவல் நிறைய உண்டு, தள்ளிவிட முடியாது.

இன்னும் பழைய காலத்துக்குப் போக விரும்பினால் பூநகரித் தொல்லியல் ஆய்வுகள் இருக்கின்றன, வவுனியா பெரியபுளியங்குளத்தில் தமிழ் வணிகன் விசாகனைக் குறிப்பிடும் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவற்றுக்குத் துறைசார்ந்த ஆள்தான் வேண்டும், இரண்டாவது வருடத்துக்கு வையுங்கள்.

பேச்சாளரைக் கூப்பிடுவது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். அவர்களோடு சரிசமமாக நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வெடுத்த ஓவசியர், கரைவலைச் சம்மாட்டி, மருத்துவிச்சி, நாட்டு வைத்தியர் எல்லோரையும் பேச்சாளர் பட்டியலில் போடுங்கள். எழுதிப் பேசிப் பழக்கமில்லாதவரை மைக்குக்கு முன்னால் தனியே நிறுத்திவிடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருந்து கேள்வி கேட்க, அவர் கதைக்கட்டும், நன்றாக வரும்.

கடிதத்தில் நாலு விடயம் தெளிவாக இருக்க வேண்டும்: நாற்பது நிமிடம்தான், கேட்க வருகிறவர்கள் யார், போக்குவரத்தும் சாப்பாடும் யார் பொறுப்பு, பேச்சு ஒலிப்பதிவு செய்யப்படும் என்பது. முதல் நாள் போன் எடுத்து நினைவுபடுத்துங்கள். இயலுமென்றால் அரை நாள் முன்பே கூட்டிவந்து ஊரைச் சுற்றிக் காட்டுங்கள், பேச்சு அப்படியே மாறிவிடும்.

மண்டபமும் கதிரையும்

கோயில் மண்டபம் வசதிதான், இலவசம்தான், ஆனால் துடக்கு உள்ளவர்கள் வர முடியாது, வேறு சமயத்தார் தயங்குவார்கள், சில கோயில்களில் யார் எங்கே இருப்பது என்ற பழைய பிரச்சினை இன்னும் முழுதாகப் போகவில்லை. பாடசாலை மண்டபத்துக்கு அனுமதி எடுக்க நாள் செல்லும். எங்களுக்கு வாசிகசாலையும் பொதுநோக்கு மண்டபமும்தான் பொருத்தமாக இருந்தன. போய்ப் பார்க்கும்போது படியைப் பாருங்கள். வன்னியில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். மூன்று படி ஏற வேண்டிய மண்டபத்துக்கு ஒரு பலகைச் சாய்வு செய்துவைக்க ஒரு மேசன் அரை நாளில் முடிப்பார்.

கதிரைகளை வரிசையாகப் போடாமல் பிறை வடிவில் போடுங்கள். மேடை வேண்டாம். முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு ஒதுக்குகிற வழக்கத்தை விட்டு, காது மந்தமான முதியவர்களை முன்னால் இருத்துங்கள். மின்சாரம் நிற்கும் என்று எண்ணியே எல்லாம் செய்யுங்கள். புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் காட்டுவதற்கு நாலு படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருந்தால் போதும்.

கூட்ட நாள்

எங்கள் முதல் கூட்டத்தில் மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, மூன்று வாழ்த்துரை, பொன்னாடை போர்த்தல் எல்லாம் முடியும்போது ஐந்து மணி. பேச்சாளர் எழும்பும்போது தூர ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்கு எழும்பிவிட்டார்கள். ஒரு அம்மா கையில் பழைய படம் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தவர், அதை வெளியே எடுக்காமலேயே போனார். அந்தப் படத்தைப் பார்க்க எங்களுக்குப் பிறகு இரண்டு மாதம் எடுத்தது. அன்றோடு தீர்மானித்துவிட்டோம்: விளக்கேற்றலும் ஒரு நிமிட வணக்கமும், ஒருவர் மூன்று நிமிடம் வரவேற்பது, அவ்வளவுதான். மாலை போடுகிற காசுக்குப் பேச்சாளரின் பெயரில் வாசிகசாலைக்கு ஒரு புத்தகம் வாங்கி வைக்கிறோம். இதைக் கோயில் பெரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் முன்கூட்டியே போய் விளக்கிச் சொன்னால் ஒருவரும் கோபிப்பதில்லை.

நேரம் இப்படிப் போகட்டும்: மூன்றரைக்குக் கதவு திறந்து தேநீர், நாலுக்குப் பேச்சு, நாலு நாற்பதுக்குச் சபையின் முறை, ஐந்தரை வரை. தேநீரை முதலில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு, கோப்பையோடு நின்று கதைத்தவர்கள் பிறகு சபையிலும் கதைப்பார்கள். சபையின் நேரத்தைத் தொடக்கும்போது "கேள்வி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் படித்தவர்கள் மட்டும்தான் எழும்புவார்கள். "உங்கட ஊரில இதை எப்பிடிச் சொல்லுறது?" என்று கேளுங்கள். பெயர் சொல்லி, முதலே தெரிந்து வைத்திருக்கிற இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், மற்றவர்கள் தானாகத் தொடர்வார்கள்.

வாசலில் ஒரு கொப்பி வையுங்கள், ஆனால் பெயரும் பிறந்த ஊரும் மட்டும், அதுவும் விரும்பினால். அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் கேட்கக் கூடாது. பதிவு என்ற சொல்லுக்கே எங்கள் சனங்கள் பயந்து இருந்த காலம் அதிகம், அதை மதித்து நடக்க வேண்டும்.

ஒலிப்பதிவும் படங்களும்

நல்ல போன் ஒன்று போதும். விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியில் இருந்து தள்ளி, கதைப்பவருக்கு ஒரு முழ தூரத்தில் ஒரு மடித்த துவாயின் மேல் வையுங்கள். துவாய் இல்லாவிட்டால் மேசை அதிர்கிற சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தொடக்கத்திலேயே திகதி, இடம், கதைப்பவரின் பெயரை நீங்கள் உரக்கச் சொல்லுங்கள், பத்து வருடம் கழித்துக் கேட்கிறவருக்கு அது வேண்டும். அன்றிரவே மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று தனியே வைக்கிற வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம். எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள், பதிவுக்கு முன்னும் பின்னும். கதைக்கத் தொடங்கும்போது குளத்தைப் பற்றி என்று நினைத்தவர், கதைத்து முடியும்போது போர் முடிந்த 2009ஐயும் காணாமல்போன மகனையும் சொல்லியிருப்பார். குளம் பற்றிய பேச்சில் கூட அது வரும், தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் அந்த இடத்தில் போனை நிறுத்திவிடுங்கள், அவரே தொடரச் சொன்னால் ஒழிய. கேள்வி கேட்டுத் தோண்டாதீர்கள். பக்கத்தில் ஒருவர் போய் இருந்து கையைப் பிடிப்பது போதும். யூடியூபில் போடலாமா என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும்.

படங்களை ஒருபோதும் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருக்கிற ஒரே படமாக அது இருக்கலாம், ஒரு இரவு கூட அது அவர்கள் கையை விட்டுப் போகக் கூடாது. யன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, நேரே மேலிருந்து போனில் எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோவின் முத்திரை, திகதி, "அன்புடன் அண்ணாவுக்கு" என்ற எழுத்து எல்லாம் பின்னால்தான் இருக்கும். இன்னொன்று, இதை நாங்கள் பிந்தித்தான் உணர்ந்தோம்: இங்கே அழிந்த கலியாணப் படங்களும் கோயில் திருவிழாப் படங்களும் எண்பதுகளில் கடிதத்தோடு லண்டனுக்கும் பாரிசுக்கும் கனடாவுக்கும் போயிருக்கின்றன. அங்கே ஒரு அலுமாரிக்குள் அவை பத்திரமாக இருக்கின்றன. வட்ஸ்அப்பில் ஊர்க் குழுக்களுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேட்பதை விடக் குரலுக்குத்தான் பதில் வரும்.

சொன்னதைச் சரிபார்ப்பது

வயதானவர்கள் வருடம் சொல்வதில்லை, சம்பவம் சொல்வார்கள். ஆகவே ஒரு பெரிய பிறிஸ்டல் மட்டையில் காலக்கோடு ஒன்று வரைந்து மண்டபச் சுவரில் நிரந்தரமாகத் தொங்கவிடுங்கள்: 1957 மார்கழி வெள்ளம், 1964 மார்கழிச் சூறாவளி, 1977 கலவரம், 1983, ரயில் நின்ற 1990, யாழ்ப்பாண இடப்பெயர்வு 1995, ஏ9 பாதை திறந்த 2002, கடல் வந்த 2004 டிசம்பர் 26, 2009. "கட்டு உடைச்சது சூறாவளிக்கு முதலா, பிறகா? அப்ப உங்களுக்கு மூத்த பிள்ளை பிறந்திட்டுதா?" என்று கேட்டால் ஒன்றிரண்டு வருட வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். ஒரே விடயத்தை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொன்ன பிறகுதான் அதை அச்சில் போடுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முல்லைத்தீவு எழுபதுகளின் கடைசியில்தான் தனி மாவட்டமானது, கிளிநொச்சி 1984இல். அதற்கு முந்தின கிளிநொச்சிக் காணி விபரத்தைத் தேட யாழ்ப்பாண மாவட்டச் செயலகமான கச்சேரிப் பக்கமும், முல்லைத்தீவு விபரத்துக்குப் பெரும்பாலும் வவுனியாப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும். இன்னும் பழையவை, அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் போன்றவை, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பழைய சிறப்பு மலர்கள், பத்திரிகைகள், நூல்களுக்கு 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தை முதலில் பாருங்கள், வீட்டில் இருந்தபடியே வாசிக்கலாம். உங்கள் ஊர்ப் பாடசாலை மலரோ கோயில் கும்பாபிஷேக மலரோ யாரிடமாவது இருந்தால் அந்த நூலகத்தாரிடம் கொடுத்து மின்வருடி ஏற்றச் சொல்லுங்கள்.

குளக்கட்டு நடை

பருவத்தின் கடைசி நிகழ்ச்சி வெளியே. ஒரு குளத்தின் கட்டில் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை, காலை ஆறரைக்கு, வெயில் ஏறும் முன். ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தைத் தெரிந்தவர் கதைப்பார். துருசடியில் தண்ணீர் முறை பார்த்தவர், மிகை நீர் வழிகிற வானடியில் மீன்பிடிக்காரர், கட்டுப் பிள்ளையாரடியில் பொங்கல் வைக்கிற குடும்பம். வழமையாகச் சனம் நடக்கிற பாதையை விட்டு ஒரு அடி கூட விலகாதீர்கள், கண்ணிவெடி அகற்றிய இடமென்றாலும் வெடிக்காத பொருட்கள் கிடக்கலாம், பிள்ளைகளுக்கு இதை மூன்று முறை சொல்லுங்கள். பானை ஓடு, பழைய செங்கல், தூண் எது கண்ணில் பட்டாலும் எடுக்கவோ கிண்டவோ கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், அதை விட, இடம் மாறிய ஓடு எதையும் சொல்லாது. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், துறைசார்ந்தவருக்கு அனுப்புங்கள். அது எந்தச் சமயத்தது, யாருடையது என்று முகநூலில் முந்திக்கொண்டு எழுதாதீர்கள்.

நடை முடிந்த அடுத்த கிழமை, பருவத்தில் கதைத்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போங்கள். அவருடைய குரல் இருக்கிற சின்ன மெமறி சிப் ஒன்று, அவர் சொன்னதை எழுதிய பக்கங்களின் அச்சுப் பிரதி ஒன்று, படம் தந்திருந்தால் அதன் பெரிய பிரதி ஒன்று. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், பிழை என்றால் அங்கேயே திருத்துங்கள். வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிய ஐயாவிடம் நாங்கள் போனபோது, பதினொரு பெயரையும் வாசிக்கக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டாவது ஒன்றைச் சொன்னார்.